படைவீரரின் மூச்சும் ஒரு சின்னக் கருவியும்

பதறிப்போய் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் நம் வாயில் முதலில் வருவது, "மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்பதுதான். நல்லெண்ணத்தில் சொல்வது. ஆனால் போர்முனையிலிருந்து மனக்காயத்தோடு திரும்பி, அதை மறக்கக் குடியிலோ மாத்திரையிலோ விழுந்துவிட்ட ஒருவருக்கு இந்த அறிவுரை பல நேரம் நிலைமையை மோசமாக்கும். அவர் ஏற்கெனவே தேவைக்கு மேல்தான் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். இன்னும் ஆழமாக இழுக்கச் சொன்னால் தலைசுற்றல் கூடும், விரல்நுனி மரத்துப்போகும், ஏதோ ஆகப்போகிறது என்ற பயம் இரட்டிப்பாகும்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான சிகிச்சையில் மூச்சை அளந்து காட்டிப் பழக்கும் முறைகள் சில இடம்பிடித்திருக்கின்றன. பயோஃபீட்பேக் என்று அதற்குப் பெயர். உடம்புக்குள் நடக்கும் ஒன்றைக் கருவி அளந்து அந்த நொடியே திரையில் காட்டும். பார்த்துக்கொண்டே அதை மாற்றப் பழக வேண்டும். அவ்வளவுதான் அடிப்படை. கேட்டால் சாதாரணமாக இருக்கும். அதிர்ச்சியும் போதையும் சேர்ந்து பிடித்திருக்கும் ஒருவருக்கு ஏன் இது உதவக்கூடும், எந்த அளவுக்கு இதை நம்பலாம் என்று பார்க்கப் போனால்தான் விஷயம் விரிகிறது.

போருக்கும் மூச்சுக்கும் உள்ள தொடர்பு மருத்துவத்துக்குப் பழசு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிலடெல்பியாவில் படைவீரர்களுக்கு வைத்தியம் பார்த்த ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர், 300 பேரைக் கவனித்து 1871இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். படபடப்பு, நெஞ்சுவலி, சிறு வேலைக்கே மூச்சு வாங்குதல், தூக்கக்கேடு. இத்தனை இருந்தும் இதயத்தைச் சோதித்தால் சொல்லும்படியாகக் கோளாறு எதுவும் இல்லை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்திலும் இதே புகாரோடு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். வியட்நாம் போருக்குப் பிறகு, 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனக்காயத்தை ஒரு தனி நோயாகத் தன் கையேட்டில் சேர்த்தது. பி.டி.எஸ்.டி. என்ற சுருக்கப் பெயரில் இன்று எல்லோரும் அறிந்தது அதுதான். அதன் பிறகு ஆராய்ச்சியின் கவனம் பெரும்பாலும் நினைவுகளின் மேல் போனது. டா கோஸ்டாவிடம் வந்தவர்கள் முதலில் சொன்ன புகார் மூச்சும் நெஞ்சும் பற்றியது என்பது கொஞ்சம் பின்னுக்குப் போய்விட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி போதைக்கு வருவோம். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறை தரும் கணக்கு இது: பி.டி.எஸ்.டி. உள்ள முன்னாள் படைவீரர்களில் 10 பேரில் 2 பேருக்கு மேல் போதைப் பழக்கமும் இருக்கிறது. திருப்பிப் பார்த்தால், போதைக்குச் சிகிச்சை தேடி வரும் படைவீரர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பி.டி.எஸ்.டி. இருக்கிறது. வலியை அடக்க மனிதர்கள் தாங்களே தேடிக்கொள்ளும் மருந்துதான் போதை என்ற கருத்தை எட்வர்ட் கான்ட்சியன் என்ற மனநல மருத்துவர் 1985இல் முன்வைத்தார். எல்லாப் போதைக்கும் அது பொருந்தாது. படைவீரர்கள் விஷயத்தில் நன்றாகவே பொருந்துகிறது.

இந்த இடத்தில் லீ ராபின்ஸின் ஆய்வைச் சொல்லாமல் போக முடியாது. 1971இல் வியட்நாமிலிருந்து திரும்பிய ராணுவத்தினரை அவர் ஆராய்ந்தார். அங்கே இருந்த காலத்தில் ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகி இருந்தார். ஊர் திரும்பியதும் அவர்களில் மிகப் பெரும்பாலோர் அதை விட்டுவிட்டார்கள். ஹெராயினைத் தொட்டவன் மீளவே மாட்டான் என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில் இது பலருக்கு ஜீரணமாகவில்லை. போர்க்களம் பின்னால் போனதும் போதையின் தேவையும் போய்விட்டது என்று இதைப் படிக்கலாம். அப்படியானால், போர்க்களத்தை உடம்பிலேயே சுமந்துகொண்டு ஊர் திரும்பியவரின் கதி என்ன? அவருக்குத் தேவை இன்னும் தீரவில்லை.

அவருடைய ஓர் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி மது உள்ளே போனதும் நரம்பு மண்டலம் அடங்குகிறது, தூக்கமும் வருகிறது. சில மணி நேரத்தில் மது இறங்க இறங்க, அடக்கி வைத்த நரம்பு மண்டலம் முன்னைவிட மும்முரமாக எழுகிறது. விடியற்காலையில் கெட்ட கனவு, வியர்வை, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு வேகமாகிறது. அதை அடக்க மறுபடி மது. தூக்க மாத்திரை வகையான பென்சோடயசெபைன்களும் இதே வழியில்தான் இழுத்துச் செல்லும், பி.டி.எஸ்.டி.க்கு அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் படைவீரர் நலத்துறையும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட வழிகாட்டி உறுதியாகச் சொல்கிறது.

"முதலில் குடியை விட்டுவிட்டு வா, அப்புறம் மனதைப் பார்க்கலாம்" என்று சொல்வது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அவர் குடிப்பதே மனதுக்காகத்தான் என்னும்போது இது எப்படி நடக்கும்? இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம் என்று 2012இல் ஆஸ்திரேலியாவில் 103 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. அதிர்ச்சி நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளப் பழக்கும் சிகிச்சையைப் போதைச் சிகிச்சையோடு இணைத்தார்கள், பி.டி.எஸ்.டி. குறிகள் தணிந்தன. ஆனால் அந்தச் சிகிச்சை கடினமானது. வாரம் ஒரு மணி நேரம் சிகிச்சையாளரோடு உட்காரலாம். மீதி நேரம் அவர் தனியாகத்தான் இருக்கிறார். ராத்திரி மூன்று மணிக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது கையில் பாட்டிலைத் தவிர வேறு ஏதாவது இருக்க வேண்டும். மூச்சுப் பயிற்சி வந்து சேரும் இடம் இதுதான்.

இதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று நாடியைப் பார்க்கிறது. இன்னொன்று வெளிவிடும் காற்றைப் பார்க்கிறது. 

மூச்சை இழுக்கும்போது நாடி சற்று வேகமாகும், விடும்போது மெதுவாகும். மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தாலே சிலருக்குத் தெரியும். 1847இல் கார்ல் லுட்விக் என்ற ஜெர்மானிய உடலியலாளர் இதைக் கருவியில் பதிவு செய்தார். மூச்சை விடும்போது நாடியை மெதுவாக்குவது வேகஸ் நரம்பு. மூளைத்தண்டில் தொடங்கி இதயம், நுரையீரல், குடல் வரை இறங்கும் நீண்ட நரம்பு அது. நாடி இப்படி ஏறி இறங்கும் அளவு நன்றாக இருந்தால், உடம்பு பதற்றத்திலிருந்து அமைதிக்கு எளிதாகத் திரும்புகிறது என்று பொதுவாகக் கொள்ளலாம். பி.டி.எஸ்.டி. உள்ளவர்களிடமும் நெடுநாள் குடிப்பவர்களிடமும் இந்த ஏற்ற இறக்கம் சுருங்கிக் கிடப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

அதை எப்படிப் பெருக்குவது? ரத்த அழுத்தம் ஏறினால் கழுத்துத் தமனியில் உள்ள உணர்விகள் மூளைக்குச் செய்தி அனுப்பும், மூளை நாடியைக் குறைக்கும், அழுத்தம் இறங்கும். இதற்குச் சில வினாடிகள் தாமதம் ஆகிறது. ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 10 வினாடி. மூச்சையும் அதே 10 வினாடிக்கு ஒன்றாக, அதாவது நிமிடத்துக்கு 6ஆக விட்டால் இரண்டும் ஒத்துப்போகின்றன. ஊஞ்சல் பின்னால் வந்து திரும்பும் அந்தக் கணத்தில் சின்னதாக ஒரு தள்ளு கொடுத்தால் அது எவ்வளவு தூரம் போகும்! அப்படித்தான் நாடியின் ஏற்ற இறக்கம் அந்த வேகத்தில் பல மடங்கு பெரிதாகிறது. சோவியத் காலத்தில் விண்வெளி வீரர்களிடம் இதைக் கவனித்தவர் எவ்கேனி வாஷில்லோ. பின்னர் அமெரிக்காவுக்கு வந்து, ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் பால் லெரரோடு சேர்ந்து இதை ஒரு பயிற்சி முறையாக ஆக்கினார்.

பயிற்சியில் நடப்பது எளிமையானது. விரல்நுனியிலோ காதுமடலிலோ ஒரு கிளிப். திரையில் நாடிக்கோடு ஓடுகிறது. நிமிடத்துக்கு ஆறரை, ஆறு, ஐந்தரை, ஐந்து, நாலரை என்று ஒவ்வொரு வேகத்திலும் இரண்டு நிமிடம் மூச்சு விட்டு, எந்த வேகத்தில் கோடு அகலமாகவும் வழவழப்பாகவும் போகிறது என்று பார்ப்பார்கள். ஆளுக்கு ஆள் அது கொஞ்சம் மாறும். உயரமானவர்களுக்கு இன்னும் மெதுவான வேகம் பொருந்துவது வழக்கம். அந்த வேகத்தை வீட்டில் தினமும் இரண்டு வேளை, வேளைக்கு 20 நிமிடம் பழக வேண்டும்.

இரண்டாவது வழி எனக்கு இன்னும் சுவாரசியமாகப் படுகிறது. அது நம் பொதுப்புத்திக்கு நேர் எதிராகப் போகிறது. கரியமில வாயு உடம்பு வெளியேற்ற வேண்டிய கழிவு என்றுதான் பள்ளியில் படித்தோம். ரத்தத்தில் அது ஓர் அளவுக்கு இருந்தே ஆக வேண்டும். 35 முதல் 45 மி.மீ. பாதரசம் என்பது இயல்பு. வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விட்டால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை, அது ஏற்கெனவே நிறைந்துதான் இருக்கிறது. ஆனால் கரியமில வாயு மளமளவென்று வெளியேறிவிடும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. ஹீமோகுளோபினும் ஆக்சிஜனைத் திசுக்களுக்கு எளிதில் விட்டுக்கொடுக்க மறுக்கிறது. ரத்தத்தின் கால்சியம் சமநிலை மாறுவதால் விரல்கள் மரக்கின்றன. காற்று நிறைய உள்ளே போயும் ஆளுக்கு மூச்சு முட்டுகிறது! மூச்சு முட்டுவதால் இன்னும் வேகமாக இழுக்கிறார். எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்தே இருக்கும் மூளை, இந்த உடல் குறிகளை ஆபத்து வந்துவிட்டதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறது. குடியை நிறுத்திய முதல் நாட்களில் வரும் பதற்றத்திலும் இதே வேக மூச்சு உண்டு.

டல்லஸில் உள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் அலிசியா மியூரெட், பீதித் தாக்குதல் நோயாளிகளுக்காக உருவாக்கிய பயிற்சி இந்த முடிச்சைக் குறிவைத்தது. மூக்கில் மெல்லிய குழாய். வெளிவிடும் காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று கருவி எண்ணாகக் காட்டும். எண் தாழ்ந்திருந்தால், மூச்சைச் சிறிதாகவும் மெதுவாகவும் ஆக்கி அதை மேலே கொண்டுவர வேண்டும். ஒரு வேளைக்கு 17 நிமிடம், தினம் இரண்டு வேளை. இதே வழியில் அமைந்த ஃப்ரீஸ்பைரா என்ற கருவியைப் பி.டி.எஸ்.டி.க்கும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் அனுமதித்தது. கருவியை வீட்டுக்கே கொடுத்தனுப்புவார்கள். 28 நாள் பயிற்சி.

இதில் கடினமான கட்டம் ஒன்று உண்டு. மூச்சைக் குறைத்ததும் கரியமில வாயு ஏறும். காற்று போதவில்லை என்ற தவிப்பு வரும். பழக்கமில்லாத உடம்புக்கு அது சாவுபயம்போல் இருக்கும். ஆனால் திரையில் எண் இயல்பு நிலையைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். உடம்பு அலறுகிறது, கருவி ஒன்றும் ஆகவில்லை என்கிறது. அந்தத் தவிப்போடு ஓரிரு நிமிடம் உட்கார்ந்தால் அது தானே தணிவதைப் பார்க்கலாம். இந்தப் பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். போதை ஏக்கமும் இப்படித்தான் எழும், உச்சிக்குப் போகும், எதுவும் செய்யாவிட்டாலும் இறங்கும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆலன் மார்லட் போதையிலிருந்து மீள்பவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் இதையே: ஏக்கத்தோடு சண்டை போடாதே, அதற்கு அடங்கியும் போகாதே, அது தணியும் வரை கவனித்துக்கொண்டிரு. மூச்சுத் தவிப்பில் அதை ஒத்திகை பார்த்த ஒருவருக்கு, மதுக்கடை வாசலில் அது கொஞ்சமாவது நினைவுக்கு வரலாம்.

தமிழ் வாசகர் இதற்குள் கேட்டிருப்பார்: இது நம் பிராணாயாமம்தானே? திருமூலர் இழுக்க, நிறுத்த, விட என்று 16, 64, 32 மாத்திரைக் கணக்கே கொடுத்துவிட்டாரே? உறவு உண்டு, மறுப்பதற்கில்லை. 1970இல் கன்சாஸில் இருந்த மெனிங்கர் நிறுவனத்தில் யோகி சுவாமி ராமாவைக் கருவிகளோடு இணைத்து ஆராய்ச்சியாளர் எல்மர் கிரீன் சோதித்ததும் பயோஃபீட்பேக்கின் ஆரம்ப வரலாற்றில் ஒரு பகுதி. 2001இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டி குழுவினர், கத்தோலிக்க ஜெபமாலையைச் சொன்னாலும் திபெத்திய மந்திரத்தைச் சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறுக்கு வந்து நிற்பதைக் காட்டினார்கள். சுதர்சன கிரியா என்ற மூச்சுப் பயிற்சியைப் பழகிய ஈராக், ஆப்கானிஸ்தான் படைவீரர்களிடம் குறிகள் தணிந்ததாக 2014இல் 21 பேரை வைத்து நடந்த ஒரு சிறு ஆய்வும் இருக்கிறது. ஆனாலும் ஒன்றை மற்றதாகச் சொல்லிவிட முடியாது. திருமூலர் கணக்கில் மூச்சை அடக்குதல் பெரும்பங்கு. இந்தப் பயிற்சிகளில் அடக்குதலே கிடையாது. பஸ்திரிகா, கபாலபாதி மாதிரி வேக மூச்சுகள் கரியமில வாயுவை இறக்கிவிடக்கூடியவை. பீதி உள்ளவருக்கு அவை ஏற்றவை அல்ல. பிராணாயாமத்தில் சரியா தப்பா என்று குரு பார்த்துச் சொல்வார். யாரையும் நம்ப முடியாமல், தன் உடம்பையே நம்ப முடியாமல் இருக்கும் முன்னாள் சிப்பாய்க்கு, எண்ணைப் பார்த்துத் தானே தெரிந்துகொள்வது சுலபம். மனதைப் பற்றிப் பேசச் சொன்னால் எழுந்து போய்விடுகிறவர், கருவியைக் கொடுத்தால் பயிற்சி என்று எடுத்துக்கொள்வதற்கும் வாய்ப்பு உண்டு.

சான்று எவ்வளவு உறுதி என்றால், நம்பிக்கை தரும் அளவுக்கு இருக்கிறது, தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு இல்லை. 2009இல் போதை மறுவாழ்வு இல்லம் ஒன்றில் பி.டி.எஸ்.டி. குறிகள் இருந்த 38 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நாடிப் பயிற்சியும் மறு பாதிக்குத் தசை தளர்த்தும் பயிற்சியும் கொடுத்தார்கள். பி.டி.எஸ்.டி. குறிகள் இரு பக்கமும் குறைந்தன. மனச்சோர்வு குறைந்ததில் மட்டும் நாடிப் பயிற்சி முந்தியது. 2011இல் ஹூஸ்டன் படைவீரர் மருத்துவமனை ஆய்வில் 20 பேர். வழக்கமான சிகிச்சையோடு நாடிப் பயிற்சியும் பெற்றவர்களுக்குக் குறிகள் குறைந்தன, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்குக் குறையவில்லை. 2014இல் டேவிட் எடியும் குழுவினரும் போதைச் சிகிச்சையில் இருந்த இளைஞர்களுக்கு மூன்றே அமர்வுகள் கொடுத்துப் பார்த்தார்கள். ஏக்கம் குறைந்ததுபோல் தெரிந்தது, ஆனால் தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் வரவில்லை. கரியமில வாயுப் பயிற்சியைப் படைவீரர்களிடம் பாலோ ஆல்ட்டோவில் சோதித்தபோது நல்ல பலன் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை.

சிறிய ஆய்வுகளை நம்பி ஓடக் கூடாது என்பதற்கு இதே துறையில் முன்கதை உண்டு. கொலராடோவின் ஃபோர்ட் லையன் படைவீரர் மருத்துவமனையில் யூஜின் பெனிஸ்டன், மூளை அலைகளைக் காட்டிப் பழக்கும் பயிற்சியால் குடிநோயாளிகளும் வியட்நாம் படைவீரர்களும் வியக்கத்தக்க அளவில் தேறியதாக 1989லும் 1991லும் எழுதினார். பெரும் பரபரப்பு. பிறகு அந்த ஆய்வுகளின் முறையில் குறைகள் சுட்டிக்காட்டப்பட்டன. அதே அளவு பலன் மற்றவர்களுக்குக் கிட்டவில்லை.

படைவீரர் நலத்துறை 2017இல் பயோஃபீட்பேக்கைத் தன் மருத்துவமனைகள் வழங்க வேண்டிய துணைச் சிகிச்சைகளில் ஒன்றாகச் சேர்த்தது. யோகா, தியானம், அக்குபங்சர் உள்ள அதே பட்டியலில். துணைச் சிகிச்சை என்பதை அழுத்திப் படிக்க வேண்டும். 2023 வழிகாட்டி முதலிடம் கொடுப்பது, அதிர்ச்சி நினைவை நேரடியாகக் கையாளும் மூன்று பேச்சுச் சிகிச்சைகளுக்குத்தான். மூச்சு அமைதியானவரால் அந்தச் சிகிச்சையைப் பாதியில் விடாமல் உட்கார முடிந்தால் அதுவே பெரிய ஆதாயம். நடந்ததை மூச்சு மாற்றாது. குடிக்கு நால்ட்ரெக்சோன், ஓபியம் வகைப் போதைக்குப் புப்ரெனார்ஃபின் என்று நன்கு நிரூபிக்கப்பட்ட மருந்துகள் இருக்கும்போது, அவற்றைத் தள்ளிவிட்டுக் கருவியை மட்டும் விற்பவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். திரையில் ஒரு வட்டம் விரிந்து சுருங்குவதைக் காட்டி மூச்சு விடச் சொல்லும் செல்போன் செயலிகளும் பயோஃபீட்பேக் ஆகாது. அவை எதையும் அளப்பதில்லை. தாளத்தைப் பழக உதவும், அதோடு சரி.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் முகாம் குப்பைகளைத் திறந்த குழிகளில் எரித்த புகையைச் சுவாசித்தவர்கள் ஏராளம்; அவர்களுக்காக 2022இல் தனிச் சட்டமே வந்தது. அவர்களுக்கு மூச்சு வாங்குகிறது என்றால், காரணம் மனம்தான் என்று முடிவுகட்டுவதற்கு முன் நுரையீரலைச் சோதிக்க வேண்டும். சீரற்ற நாடி உள்ளவர்களுக்கு நாடிக்கோட்டை நம்ப முடியாது. நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுவோரின் கோட்டையும் அதைக் கணக்கில் வைத்தே படிக்க வேண்டும். மூச்சுத் திணறலோடு தொடர்புடைய அதிர்ச்சி நேர்ந்தவருக்கு மூச்சைக் கவனிப்பதே அந்த நினைவைக் கிளறிவிடலாம். அப்படிப்பட்டவரைக் கண்ணைத் திறந்தே வைத்து, ஓரிரு நிமிடத்திலிருந்து தொடங்க வைப்பது நல்லது.

கருவி இல்லாமல் பழகிப் பார்க்க நினைப்பவர் நாலு வினாடி மூக்கால் மெல்ல இழுத்து, ஆறு வினாடி விடலாம். வயிறு லேசாக அசைந்தால் போதும். நெஞ்சு நிறைய இழுக்க வேண்டியதில்லை. தலை சுற்றினால் மூச்சு அளவு மீறிப் பெரிதாகிறது என்று அர்த்தம், இன்னும் சின்னதாக்க வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர், மூச்சுப் பயிற்சியை நம்பிக் குடியைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதை மருத்துவர் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும். இந்தியாவில் யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.